ஏவினோரும் இயற்றினோரும்

மூன்றாம் வேற்றுமையைக் கற்பிக்கும்போது இலக்கண ஆசிரியர் வழக்கமாகக் காட்டும் எடுத்துக்காட்டு ஒன்றுண்டு. 'அரசனாற் கட்டப்பட்ட கோயில்', 'தச்சனாற் கட்டப்பட்ட கோயில்' என்னும் இரண்டையும் கரும்பலகையில் எழுதி, முன்னது ஏவுதற் கருத்தா, பின்னது இயற்றுதற் கருத்தா என்று விளக்குவோம். கட்டுக என்று ஏவியவன் அரசன். கல்லும் மரமுங் கொண்டு கட்டியவன் தச்சன். இருவரையும் கருத்தாவென்றே இலக்கணம் ஏற்றுக்கொள்கின்றது. இனி, அதே 'ஆல்' உருபு கருவிப் பொருளிலும் வரும். 'உளியாற் செதுக்கினான்' என்னுமிடத்து உளிக்கு அறிவுமில்லை, விருப்பமுமில்லை. அதற்கொரு பெயர் வேண்டுமென்று எவரும் நினைப்பதுமில்லை.

வரலாறு இலக்கணத்தைப்போல நடுவுநிலை உடையதன்று. கோயிற் கல்வெட்டில் அரசன் பெயர் நிற்கும். தச்சன் பெயரைக் காண்பது அரிது. அதனினுங் கொடியதொன்று உண்டு. இயற்றியவனைக் கருத்தாவென்றே கொள்ளாது, உளியோடு ஒருங்கு வைத்து, அவனுங் கருவியே எனக் கருதுவது அது. அவ்வாறு கருதுவதை நாட்டின் நீதியாகவே கொண்டிருந்தோர் பலர். அவர்களுள் ஒரு சாராரைப் பற்றியும், அவர்களாற் கருவியென்று கருதப்பட்டோர் உலகுக்கு ஆக்கித் தந்தவற்றைப் பற்றியும் இங்கே எழுதப் புகுகின்றேன்.

அமெரிக்க ஐக்கிய நாட்டிலே, ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்களின் வழிவந்தோர் இயற்றிய பல, இன்று உலகத்தார் அனைவரது வாழ்விலுங் கலந்து கிடக்கின்றன. தேநீரில் இடுகின்ற சீனியிலும், காலில் அணிகின்ற சப்பாத்திலும், மேடையிற் பேசுகின்ற ஒலிவாங்கியிலும் அவர் கைத்திறனும் மதித்திறனும் உள்ளன. பொருள் நம்மிடம் வந்து சேர்ந்தது. பெயர் வந்து சேரவில்லை. அப்பெயர்கள் எவ்வாறு மறைந்தன, அவற்றுட் சில எவ்வாறு மீண்டன என்பது அறியத்தக்க வரலாறு.

நெட் என்பார்

மிசிசிப்பி மாநிலத்திலே ஒஸ்கார் ஸ்ருவேட் என்னும் தோட்ட முதலாளி ஒருவர் இருந்தார். அவருடைய அடிமைகளுள் நெட் என்பார் ஒருவர். தந்தை பெயருங் குடிப்பெயரும் இன்றி, அந்த ஓரசைப் பெயராலேயே அவர் அறியப்படுகின்றார். பருத்தி வரிசைகளின் ஓரத்துக் களைகளைச் சுரண்டி நீக்குவதற்கு அந்நாளில் ஒரு கருவி இருந்தது. அது வரிசையின் ஒரு பக்கத்தையே ஒரு முறையிற் சுரண்டும். இரு பக்கத்தையும் ஒருங்கே சுரண்டத்தக்க கருவியொன்றை நெட் இயற்றினார். நால்வரும் நான்கு குதிரைகளுஞ் செய்துவந்த வேலையை இருவரும் இரண்டு குதிரைகளுமே செய்து முடிக்கலாம் என்று முதலாளி மகிழ்ந்தார்.

புதியதொன்றை இயற்றினோர்க்கு, அதனைச் செய்யவும் விற்கவும் குறித்த சில ஆண்டுகளுக்கு அரசு வழங்கும் தனியுரிமையே ஆக்கவுரிமை எனப்படும். 1857ஆம் ஆண்டில் ஸ்ருவேட் தமக்கு அவ்வுரிமை வேண்டுமென்று அரசுக்கு எழுதினார். கருவியை இயற்றியவர் நெட் என்பதை அவர் மறைக்கவில்லை. அடிமையினது கையுழைப்பின் பயன் எவ்வாறு தலைவனுக்குரியதோ, அவ்வாறே அவனது அறிவுழைப்பின் பயனுந் தலைவனுக்கே உரியது என்பது அவர் வாதம். உளி செதுக்கிய சிற்பத்தின் மீது உளிக்கு என்ன உரிமை என்று கேட்பதற்கும் இதற்கும் வேற்றுமை சிறிதே.

ஆக்கவுரிமை வேண்டுவோர் இரண்டு செய்திகளைச் சத்தியஞ் செய்து சொல்லவேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். அப்பொருளை முதன்முதல் இயற்றியவர் தாமே என்பது ஒன்று. தாம் எந்த நாட்டின் குடிமகன் என்பது மற்றொன்று. ஸ்ருவேட் குடிமகன், ஆனால் அவர் இயற்றவில்லை. நெட் இயற்றினார், ஆனால் அவர் குடிமகன் அல்லர். ஆபிரிக்க வழிவந்தோர் அந்நாட்டின் குடிமக்கள் ஆகார் என்று, டிரெட் ஸ்கொற் என்பாரது வழக்கிலே 1857ஆம் ஆண்டில் அந்நாட்டு உயர் நீதிமன்றந் தீர்ப்பளித்திருந்தது. ஆதலால், அடிமை ஒருவன் இயற்றிய பொறி புதியதாயினும் பயனுடையதாயினும் அதற்கு ஆக்கவுரிமை வழங்கல் இயலாது என்று, 1858ஆம் ஆண்டு யூன் மாதத்திலே சட்டமா அதிபர் ஜெரமையா பிளக் முடிவு கூறினார். ஏவினோர்க்கும் உரிமையில்லை, இயற்றினோர்க்கும் உரிமையில்லை. சட்டத்தின் கண்ணுக்கு அக்கருவி எவராலும் இயற்றப்படாததொன்றாயிற்று.

ஸ்ருவேட் சோர்ந்துவிடவில்லை. உரிமையின்றியே அக்கருவியைச் செய்வித்து விற்கத் தொடங்கினார். அதன்பொருட்டு அவர் வெளியிட்ட விளம்பரத்திலே கடிதமொன்று காணப்படுகின்றது. இது நீக்ரோ அடிமை ஒருவன் இயற்றியது. ஆகவே அடிமைத்தனம் அவ்வினத்தாரின் அறிவைக் குறுக்கிவிடுகின்றது என்பார் கூற்றுப் பொய் என்று அக்கடிதம் பெருமை பேசுகின்றது. பேசிவிட்டு, சுதந்திரனாகிய நீக்ரோ ஒருவன் எக்காலத்தில் எதனை இயற்றினான் என்றும் வினவுகின்றது. அடிமையின் அறிவையே அடிமைத்தனத்துக்குச் சான்றாக்கிய அந்த வினாவை வாசகர் மறவாதிருக்க வேண்டுகின்றேன். இக்கட்டுரையில் இனி வருவனவெல்லாம் அதற்கு விடையே.

நெட் ஒருவரோடு இக்கொடுமை நின்றுவிடவில்லை. மிசிசிப்பி ஆற்றங்கரையிலே ஜோசப் டேவிஸ் என்பாரது தோட்டத்தில் அடிமையாயிருந்த பெஞ்சமின் மொன்கொமரி, ஆழங்குறைந்த நீரிலும் படகைச் செலுத்தவல்ல உந்தியொன்றை இயற்றினார். அவருக்கும் உரிமை மறுக்கப்பட்டது. டேவிஸ் குடும்பத்தார் தம் பெயரிற் பெற முயன்றதும் நிறைவேறவில்லை. பின்னர்த் தென்மாநிலங்கள் பிரிந்து தனியரசு அமைத்தபோது, அதன் தலைவராயினார் ஜோசப்பின் தம்பியாகிய ஜெபர்சன் டேவிஸ். அடிமை இயற்றியதற்குத் தலைவனே ஆக்கவுரிமை பெறலாம் என்னும் விதி 1861ஆம் ஆண்டில் அவ்வரசின் சட்டத்திற் சேர்ந்தது. அவ்வரசு நெடுநாள் வாழவில்லை. போர் முடிந்தபின், 1866ஆம் ஆண்டில், தாம் அடிமையாயிருந்த அதே தோட்டத்தை 300,000 டொலருக்குக் கடனாக வாங்கி நடத்தினார் மொன்கொமரி. காலம் சிற்சில வேளைகளில் இவ்வாறும் நியாயம் பேசுவதுண்டு.

துணியும் சீனியும்

சுதந்திரனாகிய கறுப்பினத்தான் எதனை இயற்றினான் என்னும் வினாவுக்கு, அது கேட்கப்படுமுன்பே நியூயோர்க் நகரத்துத் தையற்காரர் ஒருவர் விடை அளித்திருந்தார். அவர் தோமஸ் ஜெனிங்ஸ். நீரில் நனைத்தாற் கெட்டுவிடும் துணிகளைத் துப்புரவு செய்யும் முறையொன்றுக்கு அவர் 1821ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஆக்கவுரிமை பெற்றார். அமெரிக்காவில் ஆக்கவுரிமை பெற்ற முதற் கறுப்பினத்தவராக அறியப்படுபவர் அவரே. அவர் சுதந்திரராகப் பிறந்தவர். ஆதலாற் சட்டம் அவரைத் தடுக்கவில்லை. அவருடைய முறையை விரித்துரைக்கும் ஏடு 1836ஆம் ஆண்டில் ஆக்கவுரிமைப் பணிமனையில் மூண்ட தீக்கு இரையாயிற்று. எனினும் உலர்சலவை என்று இன்று நாம் வழங்குந் தொழிலின் முன்னோடிகளுள் ஒருவராக அவர் பெயர் நிற்கின்றது. அடிமை ஒழிப்பு இயக்கத்தில் அவர் முன்னின்று உழைத்தார். அவர் மகள் எலிசபெத் 1854ஆம் ஆண்டில் நகர வண்டியிலிருந்து நிறம் காரணமாக இறக்கப்பட்டபோது வழக்குத் தொடுத்து வென்றார். அவ்வழக்கில் அவருக்காக வாதாடிய இளைஞர் செஸ்ரர் ஆதர், பின்னாளில் அந்நாட்டின் சனாதிபதி ஆனவர்.

ஜெனிங்ஸ் நகரத்து ஆடையை நலமுறச் செய்தார். நோபர்ட் ரில்லியூ என்பார் உலகத்து உணவையே தொட்டார். அவர் 1806ஆம் ஆண்டில் நியூ ஓர்லியன்சிலே பிறந்தவர். தந்தை வெள்ளையரான பொறியியலாளர். தாய் கறுப்பின வழிவந்த சுதந்திரப் பெண். பாரிசு நகரிற் கல்வி கற்று, இளம் வயதிலேயே அங்கு விசையியல் கற்பிக்கும் ஆசிரியராயினார்.

அந்நாளிற் கரும்புச் சாறு காய்ச்சப்பட்ட முறை கொடியது. பெருங் கொப்பரைகள் பலவற்றை வரிசையாக அடுப்பின்மேல் வைத்து, கொதிக்குஞ் சாற்றை நீண்ட அகப்பைகளால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு அடிமைகள் மொண்டு ஊற்றுவர். இரவும் பகலும் நடக்கும் அவ்வேலையிலே வெந்துபோன கைகள் எத்தனை! விறகும் மிகுதியாக வேண்டும். சீனியுங் கருகிக் கறுக்கும்.

பாத்திரத்தினுள் அமுக்கத்தைக் குறைத்தால் நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும் என்பதை அறிஞர் அறிந்திருந்தனர். ரில்லியூ அவ்வுண்மையின்மேல் அழகியதொரு கருத்தைக் கட்டியெழுப்பினார். மூடிய பாத்திரங்களை வரிசையாக அமைத்து, ஒவ்வொன்றிலும் அமுக்கத்தை முன்னதனிலுங் குறைத்தார். முதற் பாத்திரத்துச் சாற்றிலிருந்து எழும் ஆவியே இரண்டாவதனைச் சூடாக்கும். இரண்டாவதன் ஆவி மூன்றாவதனைச் சூடாக்கும். வீணே வானிற் கலந்த ஆவி, இவ்வாறு திரும்பத் திரும்ப வேலை செய்தது. 1843ஆம் ஆண்டிலும் 1846ஆம் ஆண்டிலும் அவர் ஆக்கவுரிமைகள் பெற்றார். எரிபொருட் செலவு பெரிதுங் குறைந்தது, சீனி வெண்மையாயிற்று, மொண்டு ஊற்றும் வேலை ஒழிந்தது. கரும்பாலையிலன்றி, பாலைக் குறுக்குந் தொழிலிலும் வேறு பல தொழில்களிலும் அதே தத்துவம் இன்றும் ஆட்சி செய்கின்றது.

தம் அறிவினாற் பெருந்தோட்டக்காரரைச் செல்வராக்கிய அம்மனிதர், பிறந்த ஊரில் நிமிர்ந்து நடக்க இயலவில்லை. கறுப்பினத்தார்மீது விதிக்கப்பட்ட தடைகள் ஆண்டுதோறும் இறுகின. ஈற்றில் அவர் பிரான்சுக்கே மீண்டு, 1894ஆம் ஆண்டில் அங்கேயே காலமானார்.

சப்பாத்து நகரத்துத் தனியர்

நான் கற்றறிந்த இவ்வரலாறுகளுள் என் நெஞ்சைவிட்டு அகலாதது யான் மற்செலிகர் என்பாரது வரலாறே. தென்னமெரிக்காவிலே அந்நாளில் ஒல்லாந்தர் ஆண்ட சூரினாம் நாட்டில் 1852ஆம் ஆண்டு பிறந்தவர் அவர். தந்தை ஒல்லாந்துப் பொறியியலாளர். தாய் ஆபிரிக்க வழியினர். சிறு பிராயத்திலேயே பொறிகளோடு பழகியவர். கப்பலிற் சேர்ந்து கடல் கடந்து, 1877ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் லின் நகரை அடைந்தார். மாசச்சூசெற்ஸ் மாநிலத்து அந்நகரம் சப்பாத்துத் தொழிலுக்குப் பேர்போனது. அங்கே வந்தபோது அவருக்கு ஆங்கிலம் சிறிதே தெரியும், உறவினர் எவருமிலர். வழிபடச் சென்றபோது தேவாலயங்கள் சில அவர் நிறங்கண்டு ஏற்க மறுத்தன. ஒரு தேவாலயம் மட்டும் ஏற்றுக்கொண்டது.

சப்பாத்துச் செய்யும் வேலைகள் பலவற்றுக்கு அக்காலத்திற் பொறிகள் வந்துவிட்டன. தோலை வெட்டவும் தைக்கவும் பொறியுண்டு. ஒரு வேலைக்கு மட்டும் இல்லை. காலின் வடிவிற் கடைந்த கட்டையின்மீது மேற்றோலை இழுத்துப் போர்த்தி, விரற்பக்கத்திலும் குதிப்பக்கத்திலும் சுருக்கம் விழாது மடித்து, அடித்தோலோடு ஆணியறைந்து பிணைக்கும் வேலை அது. மனிதக் கையின் உணர்வாலன்றி அது முடியாதென்பது அனைவரது துணிபு. அவ்வேலை வல்லோர் நாளொன்றுக்கு ஏறக்குறைய 50 சோடி செய்வர். மற்றைப் பொறிகள் எவ்வளவு விரைந்து ஓடினும், எல்லாம் அவர் கையில் வந்து தேங்கி நிற்கும். அவர்கள் ஒன்றுகூடிச் சங்கம் அமைத்து நல்ல கூலி பெற்றனர். தம் தொழிலைப் பொறியால் வெல்ல இயலாதென்று பெருமையும் கொண்டிருந்தனர்.

தொழிற்சாலையிற் பொறியோட்டியாக வேலை செய்த மற்செலிகர், அக்கைவல்லோரின் விரல்கள் எவ்வாறு அசைகின்றன என்பதை நாள்தோறும் உற்று நோக்கினார். இரவிலே தம் சிற்றறையில் இருந்து, சுருட்டுப் பெட்டிப் பலகை, மரத்துண்டு, கம்பி ஆகியவற்றைக் கொண்டு மாதிரி செய்தார். பொறியியலையும் ஆங்கிலத்தையும் நூல்களினூடே தாமே கற்றார். உணவைக் குறைத்துப் பணஞ் சேர்த்தார். செய்த மாதிரிக்குச் சிறு தொகை தந்து வாங்க முன்வந்தோர்க்கு விற்க மறுத்தார். உலோகத்தாற் பொறி செய்யப் பணம் போதாதபோது, இருவரிடம் பொருளுதவி பெற்று, வருவதில் மூன்றில் இரண்டு பங்கை அவர்க்கு எழுதிக் கொடுத்தார்.

ஆக்கவுரிமை வேண்டி அவர் அனுப்பிய வரைபடங்கள் மிகவுஞ் சிக்கலானவை. பணிமனையிலிருந்து அலுவலர் ஒருவர் லின் நகருக்கு நேரிலே வந்து, பொறி இயங்குவதைக் கண்ட பின்பே தெளிவு பெற்றார். 1883ஆம் ஆண்டு மார்ச்சு 20ஆம் நாள் உரிமை வழங்கப்பட்டது. தோலை இழுத்தலும், மடித்தலும், ஆணியறைதலுமாகிய தொழில்களையெல்லாம் மனிதக் கையைப்போலவே அப்பொறி செய்தது. விரைவிலோ மனிதக் கையை நெடுந்தூரம் பின்னிட்டது. நாளொன்றுக்கு 150 முதல் 700 சோடி வரை செய்யும் ஆற்றல் அதற்கு உண்டாயிற்று. சப்பாத்தின் விலை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. செல்வர் வீட்டுப் பிள்ளைகளோடு ஏழை வீட்டுப் பிள்ளைகளும் நல்ல சப்பாத்து அணிந்து பாடசாலைக்குச் செல்லும் நிலை இவ்வாறு உருவாயிற்று.

கைத்தொழில் வல்லோரின் கவலையையும் நாம் எளிதாகத் தள்ளிவிடுதல் ஆகாது. பல்லாண்டு பழகிப் பெற்ற திறன் ஒரு நாளில் விலையிழப்பது துயரமே. ஒருவருக்கு அருளாகிய பொறி மற்றொருவருக்கு அச்சமாதல் எந்நாட்டிலும் நிகழ்வது. ஆயினும், அப்பொறியால் வந்த பெருஞ்செல்வத்தை மற்செலிகரும் அடையவில்லை என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். குளிரிலும் பசியிலும் உழைத்த உடம்பைக் காசநோய் பற்றிக்கொண்டது. 1889ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்திலே, தமது 36ஆம் வயதில், அவர் இறந்தார். தம்மிடமிருந்த பங்குகளுட் பெரும் பகுதியை, தம்மை ஏற்றுக்கொண்ட அந்த ஒரு தேவாலயத்துக்கு எழுதிவைத்தார். நூறாண்டுக்குப்பின், 1991ஆம் ஆண்டில், அமெரிக்க அரசு அவர் உருவந் தாங்கிய அஞ்சல் முத்திரை ஒன்றை வெளியிட்டது.

முகத்தை மறைத்து உயிரைக் காத்தவர்

அடிமைத்தனம் 1865ஆம் ஆண்டில் ஒழிந்தது. குடியுரிமை 1868ஆம் ஆண்டில் வந்தது. சட்டத்தின் வாயில் திறந்தது. சந்தையின் வாயில் திறக்கவில்லை. இதற்குச் சான்று கரெற் மோகன் என்பாரது வாழ்வு.

கென்ரக்கி மாநிலத்தில் 1877ஆம் ஆண்டில் அவர் பிறந்தார். இளமையிலேயே ஒஹாயோ மாநிலத்துக் கிளீவ்லண்ட் நகரிற் குடியேறினார். தீப்பற்றிய வீட்டினுட் செல்வோர் நெருப்பினும் புகையாலேயே பெரிதும் மாள்வர் என்பதை அறிந்து, தலையை மூடும் காப்புறை ஒன்றை இயற்றினார். புகை மேலெழும், தரையோரத்துக் காற்றுச் சற்றே தூயதாயிருக்கும். ஆதலால், தரைமட்டும் நீளுங் குழாயினூடாக மூச்சிழுக்கும்படி அதனை அமைத்து, ஈரப்பஞ்சினால் காற்றை வடியச் செய்தார். 1914ஆம் ஆண்டில் அதற்கு ஆக்கவுரிமை கிடைத்தது.

விற்பதெவ்வாறு? கறுப்பினத்தான் செய்ததென்று தெரிந்தால் தென்மாநிலத்தார் வாங்கார். ஆகவே வெள்ளையர் ஒருவரை உரிமையாளர்போல முன்னிறுத்தி, தாம் செவ்விந்தியர் வேடம் புனைந்து உதவியாளர்போல நின்று, புகை நிறைந்த கூடாரத்தினுட் புகுந்து வெளிவந்து காட்டினார். தாம் இயற்றிய பொருளின் பக்கத்திலே தாமே வேற்றாளாக நிற்க வேண்டியிருந்தது.

1916ஆம் ஆண்டு யூலை மாதத்தில், கிளீவ்லண்ட் நகருக்குக் குடிநீர் கொணர்வதற்காக ஈரிப் பேரேரியின் அடியில் அகழ்ந்த சுரங்கத்திலே வாயு வெடித்தது. உள்ளே தொழிலாளர் சிக்கினர். மீட்கச் சென்றோரும் நச்சுக் காற்றினால் மீளவில்லை. நள்ளிரவில் மோகனுக்கு அழைப்பு வந்தது. அவரும் அவர் சகோதரரும் காப்புறை அணிந்து சுரங்கத்தில் இறங்கினர். உயிரோடிருந்தோர் சிலரையும் மாண்டோர் உடல்களையும் மேலே கொணர்ந்தனர். செய்தி நாடெங்கும் பரவியது. காப்புறையைச் செய்தவர் கறுப்பினத்தவர் என்பதும் அதனோடு பரவியது. தென்மாநிலத்து நகரங்கள் சில, தாம் கேட்டிருந்த காப்புறைகளை வேண்டாமென்று விலக்கிக்கொண்டன. உயிரைக் காக்குங் கருவி வேண்டும். காத்த கை இன்ன நிறத்ததென்று தெரிதல் கூடாது!

நாவினாற் செய்யும் அநீதி

மோகன் 1923ஆம் ஆண்டில் வீதிச் சைகை ஒன்றுக்கும் ஆக்கவுரிமை பெற்றார். 'செல்', 'நில்' என்னும் இரண்டுக்கும் இடையே, எத்திசை வண்டிகளையும் சற்று நிறுத்திவைக்கும் நிலை ஒன்று அதில் இருந்தது. இதனைச் சொல்லும்போது ஒரு செய்தியை மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் எடுத்துரைக்க விரும்புகின்றேன்.

பேச்சுப் போட்டிக்கென மாணவர் என்னிடங் கொண்டுவரும் குறிப்புகளிலே, 'வீதிச் சைகையை உலகில் முதன்முதற் கண்டவர் மோகன்', 'மின்குமிழைக் கண்டவர் லற்றிமர்' என்னும் கூற்றுக்களைப் பலமுறை கண்டிருக்கின்றேன். இவை உண்மையல்ல. கிளீவ்லண்ட் நகரிலேயே 1914ஆம் ஆண்டில் மின்சாரச் சைகை நிறுவப்பட்டிருந்தது. மோகன் செய்தது அவருக்கேயுரிய திருத்தம்.

லூயிஸ் லற்றிமரது பெருமையும் அத்தகையதே. அவருடைய பெற்றோர் வேர்ஜீனியாவிலிருந்து 1842ஆம் ஆண்டில் தப்பியோடி வந்த அடிமைகள். தந்தை பொஸ்ரன் நகரிற் பிடிபட்டபோது, அந்நகரத்து நல்லோர் பணந் திரட்டி அவரை விடுவித்தனர். மகன் ஆக்கவுரிமை வழக்கறிஞர் அலுவலகமொன்றிற் சிற்றாளாகச் சேர்ந்து, தாமே வரைபடக் கலை பயின்று, தலைமை வரைபடக்காரர் ஆனார். கிரகாம் பெல் தொலைபேசிக்கு ஆக்கவுரிமை பெறுதற்கான படங்களை 1876ஆம் ஆண்டில் வரைந்த கை அவருடையது. எடிசன் முதலியோர் ஆக்கிய மின்குமிழிலே கரியிழை எளிதில் ஒடிந்து போகும். இழையைக் கரியாக்கும்போது வளையாமலும் ஒடியாமலும் காப்பதற்கு மட்டையுறையிற் பொதிந்து சுடும் முறையை லற்றிமர் அமைத்து, 1882ஆம் ஆண்டில் உரிமை பெற்றார். மின்குமிழ் உறுதியும் மலிவும் பெறுதற்கு அஃது உதவிற்று. பின்னர் எடிசனுடைய நிறுவனத்திலேயே பணிபுரிந்து, 1890ஆம் ஆண்டில் மின்விளக்கு ஒளியமைப்புப் பற்றி நூலும் எழுதினார்.

இத்துணைப் பெருமை உடையவர்க்கு இல்லாததொன்றையும் ஏற்றிச் சொல்லல் எதற்கு? அது பொய்யென ஒருவர் காட்டிவிட்டால், மெய்யையும் உலகம் ஐயுறும். உரியவர் பெயரை மறைத்தல் ஓர் அநீதி. உரியதல்லாத புகழை ஏற்றுதல் மற்றோர் அநீதி. இரண்டும் இயற்றினோர்க்கு இழைக்கப்படுவனவே.

பெயர்களைத் திரட்டியோர்

உண்மைப் பெயர்களைத் தேடித் திரட்டிய பெரியோரும் உளர். ஆக்கவுரிமை ஏட்டிலே விண்ணப்பித்தவரின் இனம் எழுதப்படுவதில்லை. அது நன்றே எனினும், எவர் கறுப்பினத்தவர் என்று ஏட்டைக்கொண்டு அறிய வழியில்லை. அடிமையாகப் பிறந்து அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை உறுப்பினரான ஜோர்ஜ் மறே, 1894ஆம் ஆண்டில் அச்சபையிலே எழுந்து, கறுப்பினத்தார் பெற்ற 92 ஆக்கவுரிமைகளின் பட்டியலைச் சபைப் பதிவில் ஏற்றினார். அவற்றுள் எட்டு அவருடையவை.

அப்பட்டியலின் பின்னே நின்றவர் ஹென்றி பேக்கர். ஆக்கவுரிமைப் பணிமனையிலேயே அலுவலராயிருந்த கறுப்பினத்தவர் அவர். 1900ஆம் ஆண்டில் நாடெங்கணுமுள்ள ஆக்கவுரிமை வழக்கறிஞர்க்குக் கடிதங்கள் அனுப்பி, தாங்கள் அறிந்த கறுப்பினத்தார் பெயர்களைத் தெரிவிக்குமாறு வேண்டினார். வந்த விடைகளுட் சில உதவின. சில ஏளனஞ் செய்தன. பெயர் தர விரும்பாதோரும் இருந்தனர். தம் ஆக்கம் கறுப்பினத்தாரது என்று தெரிந்தால் விலைபோகாது என்று அவர்கள் அஞ்சினர். அவர் ஓய்ந்தாரல்லர். நூற்றுக்கணக்கான பெயர்களைச் சேர்த்து, 1913ஆம் ஆண்டில் சிறு நூலாகவும் வெளியிட்டார். ஏடு தேடி ஊர் ஊராய் அலைந்த பதிப்பாசிரியரைப் போற்றும் நமக்கு, பேக்கரது உழைப்பின் அருமையை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை.

அவர் தொடங்கிய பட்டியல் பின்னர் நீண்டுகொண்டே சென்றது. பாரவண்டிகளிற் குளிரூட்டுங் கருவியை அமைத்து, பழமும் பாலும் இறைச்சியும் கெடாது நெடுந்தூரஞ் செல்ல வழிசெய்தவர் பிரெடரிக் ஜோன்ஸ். அவர் 1961ஆம் ஆண்டில் இறந்தார். நாட்டின் உயரிய தொழினுட்ப விருது அவருக்கு 1991ஆம் ஆண்டிலேதான் வழங்கப்பட்டது. ஜேம்ஸ் வெஸ்ற், செருமானியரான கெர்காட் செஸ்லருடன் கூடி 1962ஆம் ஆண்டில் ஆக்கிய ஒலிவாங்கி, சிறியதும் மலிவானதுமாய், தொலைபேசியிலும் ஒலிப்பதிவுக் கருவியிலும் செவிப்புலக் கருவியிலும் பல்லாண்டு ஆட்சி செய்தது. கண்புரையை லேசர் ஒளியாற் கரைத்து அகற்றுங் கருவிக்கு மருத்துவர் பற்றீசியா பாத் அம்மையார் 1988ஆம் ஆண்டில் உரிமை பெற்றார். இவர்களுடைய பெயர்கள் அவர்தம் ஏட்டிலே தெளிவாக நிற்கின்றன.

நெட் என்பாரது பெயர் அவ்வேட்டில் இல்லை, இனி ஏறப்போவதுமில்லை. ஆயினும் அவர் முற்றாக மறைந்துபோகவில்லை. அடிமையின் அறிவுந் தனக்கே உரியது என்று நிலைநாட்டுவதற்காக, அக்கருவியை இயற்றியவன் நெட் என்று முதலாளி தம் கையாலேயே அரசுக்கு எழுதினார் அல்லவா? அக்கடிதத்தாலும் அதனை ஒட்டி எழுந்த சட்டமா அதிபரின் முடிவாலுமே நெட் இன்று அறியப்படுகின்றார். தமக்கென உரிமை கேட்டு ஏவினவர் எழுதிய எழுத்தே, இயற்றினவர்க்கு அழியாச் சான்றாயிற்று.